கருப்பு டேப்புக்கு உள்ளே

கடல் காற்று செல்லைத் தின்னும். ராயபுரம், காசிமேடு பக்கம் மைக் செட் கடையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பத்து நாள் பேட்டரி செல்லைச் சாமானுக்கு உள்ளேயே மறந்துவிட்டால் போதும், அது ஒழுகி, தகடெல்லாம் பச்சை பூத்து, சாமான் செத்துப்போகும். அதனால் வேலை முடிந்ததும், ஒயரைச் சுருட்டுவதற்கு முன்பாகவே, எதிலெல்லாம் செல் இருக்கிறதோ அதையெல்லாம் திறந்து, உருவி, ஒரு தகர டப்பாவில் போட்டுவிட வேண்டும். என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மணலியில் டேங்கர் லாரி கிளீனர், மீன் ஏலத்தில் ஐஸ் உடைப்பவன், பந்தல்காரரிடம் மூங்கில் தூக்குபவன், பிறகு மைக் செட். எங்கேயும் ஒரு வருடம் முழுசாக நின்றதில்லை. அந்தச் சுற்றலில் கையோடு ஒட்டிக்கொண்ட ஒரே ஒழுக்கம் செல்லை உருவுவது.

தொண்ணூறுகளின் கடைசியில் டோல்கேட் அருகே ஒரு வீடியோ கடையில் சேர்ந்தேன். கீழே ஹார்டுவேர் கடை, மேலே வீடியோ. இரண்டும் தென்மாவட்டத்திலிருந்து வந்த ஒரே குடும்பத்தினுடையது. அண்ணன் கீழே ஆணி விற்றார், தம்பி மேலே கல்யாணம் பிடித்தார். தம்பியைத்தான் நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். மணலி லாரி ஒவ்வொன்று போகும்போதும் மாடியில் அடுக்கிய கேசட்டுகள் கடகடவென்று ஆடும். இரவு அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்றார். சடையங்குப்பத்தில் நான் வாடகைக்கு இருந்த குடிசைக்குள் அந்த வருட மழைக்குத் தண்ணீர் வந்து, பாயும் துணியும் ஏரிப்பக்கம் போயிருந்தன. அதனால் யோசிக்கவில்லை.

கடைக்கு அவ்வப்போது வெளிநாட்டுச் சாமான் கொண்டுவருபவர் ஒருவர் இருந்தார். ராயபுரத்துக்காரர், சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. பத்து மாதத்துக்கு ஒருமுறை வருவார். நான் சேர்ந்த புதிதில் அவர் கொண்டுவந்ததுதான் அந்த காலர் மைக். மிளகு அளவுக்கு ஒரு தலை, நூல் போல ஒயர், அந்த ஒயரின் முடிவில் விரல் நீளத்துக்கு ஒரு உருளை, உருளையின் முனையில் மூன்று முள் வைத்த பிளக். சட்டையில் குத்திவிட்டால் போதும், பேசுபவருக்கு மைக் இருப்பதே மறந்துவிடும்.

அன்று சாயங்காலம் சாமான்களை எடுத்துவைத்தபோது அந்த உருளையைத் திருகிப் பார்த்தேன். திறந்தது. உள்ளே தங்க நிறத்தில் ஒரு பென்சில் செல். வழக்கம்போல் உருவினேன். உருளையை மூடி, உப்பு இறங்காமலும் ஒயர் இழுபடாமலும் இருக்க மேலே கருப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினேன். மறுநாள் அண்ணாச்சி அதைக் கரண்டில் ஓடும் சவுண்ட் மிக்சரில் செருகினார். நன்றாகவே பேசியது. செல் இல்லாமலே பேசுகிறதே என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. கூடுதலாக வைத்து அனுப்பியிருப்பார்கள், சட்டையோடு ஒரு பொத்தானைத் தைத்துக் கொடுப்பதுபோல என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தங்கநிறச் செல்லை என் சின்ன ரேடியோவில் போட்டுத் தீர்த்தேன். மைக்கோடு வந்த அட்டைப்பெட்டியும் விளக்கத் தாளும் கீழ்க்கடைக்கு ஆணி மடிக்கப் போய்விட்டன.

நாலைந்து மாதம் கழித்து அவன் வந்தான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. அப்பாவுக்கு மாதச் சம்பளம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்தவன், என் வயதுதான். வந்த மறுநாளே அண்ணாச்சி அவனுடைய சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தார். கல்யாணத்துக்குப் பேச வருபவர்கள் பார்க்க வேண்டுமாம். அன்றிலிருந்து அவனுக்கு ஐ.டி.ஐ. என்றே பெயர். என்னை அண்ணாச்சி ஊர்சுத்தி என்பார். எனக்குக் கோபம் வந்ததில்லை, உண்மைதானே. ஆனால் இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் அவர் கூப்பிடும்போது, முதல் பெயரில் ஒரு குழைவும் இரண்டாவதில் ஒரு அவசரமும் இருக்கும். அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனுடைய அம்மா கட்டிக்கொடுக்கும் டிபன் பாக்ஸ் மூன்று அடுக்கு. இரண்டாவது அடுக்கை என் பக்கம் தள்ளுவான்.

"துன்னு மாமு. எங்கம்மா உனுக்கும் சேத்துதான் போட்டுக்கீது."

"நான் கேட்டேனா?"

"கேக்காத ஆளுக்குத்தான் மூணு கரண்டி எக்ஸ்ட்ராவாம். எங்கம்மா ரூலு."

அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே அவனை வெறுத்தேன். அவனுடைய கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்ததற்காகவும் வெறுத்தேன்.

கடையில் மூன்று வேலை. கேமரா, அண்ணாச்சியினுடையது. லைட்டைத் தூக்கிப் பிடிப்பது ஒன்று. ஹெட்போன் போட்டுக்கொண்டு சவுண்ட் பார்ப்பது ஒன்று. லைட் பிடிப்பவன் நாள் முழுக்க நிற்க வேண்டும், கை மரத்துப்போகும், கண்ணில் படுகிற கிழவிகளெல்லாம் "ஏம்பா, மூஞ்சில அடிக்காத" என்று திட்டுவார்கள். ஹெட்போன்காரன் கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவான். முதல் பந்தியில் கேமராக்காரரோடு சாப்பிடுவான். நான் வந்தபோது சவுண்டுக்குத் தனி ஆள் இல்லை, நான்தான் அரைகுறையாகப் பார்த்தேன். ஐ.டி.ஐ. வந்ததும் ஹெட்போன் அவன் கழுத்துக்குப் போய்விட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு காலை அது அவன் கழுத்தில் இருந்தது, என் கையில் லைட் இருந்தது. அவ்வளவுதான்.

கப்பல்காரர் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது ஒயர் இல்லாத செட் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும் கட்டை போன்ற ஒன்று. அதைக் கை மைக்கின் அடியில், ஒயர் செருகும் இடத்தில் அப்படியே மாட்டிவிட வேண்டும். மைக்குக்கு வால் முளைத்ததுபோல் இருக்கும். நாங்கள் அதை வால் என்றே சொன்னோம். வாலுக்குள் சதுர பேட்டரி ஒன்று. மைக் பிடிப்பதை வால் அனுப்பும், கேமராவோடு கட்டிய பெட்டி அதை வாங்கிக்கொள்ளும். ஐ.டி.ஐ. வாலை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி, டோல்கேட் முக்கில் நின்று, "ஹலோ, ஹலோ, டீ இன்னா வெலை?" என்றான். மாடியில் ஹெட்போன் போட்டிருந்த அண்ணாச்சி குழந்தை மாதிரி சிரித்தார். டீக்கடைக்காரர் விலை சொன்னதும் அதில் கேட்டதாம். எனக்குக் கொடுத்து இரண்டு நிமிடம் கேட்கவிட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம்தான் கப்பல்காரரின் மகனுக்குக் கல்யாணம் முடிவானது. அப்பா கப்பலில் ஏறிப் போய்விட்டிருந்தார், நடுவில் இறங்க முடியாது. ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கிடைத்த போனில் மகனிடம் சொன்னாராம். மாப்பிள்ளையே கடைக்கு வந்து அண்ணாச்சியிடம் அதைச் சொன்னான்.

"எங்க நைனாக்கு படம் எப்பிடி இருந்தாலும் பரவால்லண்ணாச்சி. பீடத்துக்கு முன்னாடி, ஆயுசுக்கும் கூட இருப்பேன்னு நாங்க ரெண்டு பேரும் சொல்றோம்ல வார்த்தப்பாடு, அது மட்டும் அவரு காதுல வுழுவணும்னாரு. அவரு கூட இல்லாத கொறைக்கு அதாவுது கேக்கணுமாம்."

மாப்பிள்ளைக்குக் குரல் சின்னது. இதைச் சொல்லும்போதே கீழே போன லாரியில் பாதி மூழ்கிவிட்டது. அண்ணாச்சி முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்.

கல்யாணம் நடக்கும் மாதா கோயிலில்தான் சிக்கல் இருந்தது. அங்கே ஃபாதர் முன்னால் ஒரு மைக் நிலையாக நிற்கும், மாப்பிள்ளை பெண் நிற்கும் இடத்துக்கு அது எட்டாது. அதற்கு முந்தின மாதம் வேறு வீடியோக்காரர்களின் ஒயரில் பூக்கூடை தூக்கிவந்த குழந்தை தடுக்கி விழுந்ததிலிருந்து, பீடத்தின் பக்கம் ஒயரே வரக்கூடாது என்று ஃபாதர் சொல்லிவிட்டார். யாரும் மைக்கை நீட்டிக்கொண்டு குறுக்கே நிற்கவும் கூடாது.

அண்ணாச்சி யோசித்தார். "காலர் மைக்கை மாப்பிள்ளை கோட்டுல குத்திருவோம். வாலை உள் பையில போட்டுருவோம். ஒயரும் இல்ல, ஆளும் இல்ல. எப்படி?" என்று கேட்டுவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. நம்ம கடைக்குச் சாமான் கொண்டாந்து குடுக்க மனுசன் வீட்டுக் கல்யாணம். இதுல எவன் சவுண்டை ஒழுங்கா எடுக்கானோ, அவன் கழுத்துலதான் இனிமே ஹெட்போனு."

ரெண்டு பேரும் என்று அவர் சொன்னது பேச்சுக்குத்தான். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானமே ஐ.டி.ஐ. காலர் மைக்கை வாலில் செருகிப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. தட்டினான், ஊதினான். செத்த மாதிரி கிடந்தது. அதையே மிக்சரில் செருகினால் பேசியது. வாலைக் கை மைக்கில் மாட்டினால் அதுவும் பேசியது. இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, சேர்த்தால் மட்டும் பேச்சில்லை. அவன் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். பிறகு எனக்கு விளக்கினான். நான் கேட்கவில்லை, யாருக்காவது சொன்னால்தான் அவனுக்கே புரியும்.

"கை மைக்கு தானா பேசும் மாமு, அதுக்குக் கரண்ட் வாணாம். இந்தக் குட்டி மைக்கு அப்பிடி இல்ல, இதுக்கு கொஞ்சூண்டு கரண்ட் வோணும். மிக்சர் இன்னா பண்ணுது, மைக்கு பேசுற அதே ஒயர்லயே கரண்ட்டை மேல ஏத்தி அனுப்புது. இந்த வாலு அனுப்பாது. வாலுக்கு வாங்கத்தான் தெரியும், குடுக்கத் தெரியாது. அதான் இது பட்டினி கெடக்குது."

அவன் பட்டினி என்று சொன்ன நொடியில் என் கண் முன்னால் அந்தத் தங்கநிறச் செல் வந்தது. உருளையைத் திருகிய விரல்களுக்குக்கூட அது ஞாபகம் வந்ததுபோல் இருந்தது. அது சட்டைப் பொத்தான் இல்லை. மிக்சர் இல்லாத இடத்தில் இந்த மைக் சாப்பிடுவதற்காக வைத்த சாப்பாடு.

சொல்ல வாயைத் திறந்தேன். அவன் அதற்குள், "உனுக்கு இதெல்லாம் புரியாது, வுடு," என்றான். திமிராகச் சொல்லவில்லை, அலுப்பில் சொன்னான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த மூன்று நாள் அவன் பட்ட பாட்டைப் பார்ப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் இருந்தது. மவுண்ட் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவெல்லாம் அலைந்துவிட்டு வந்தான். சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, சதுர பேட்டரி வைத்து, என்னென்னவோ சேர்த்துப் பற்றவைத்து, நடுவில் ஒரு பெட்டி செய்தான். அதை மாட்டினால் மைக் பேசியது, கூடவே வண்டு மாதிரி ஒரு ரீங்காரமும் பேசியது. அண்ணாச்சி ஹெட்போனைக் காதிலிருந்து பிடுங்கினார்.

"இது என்னலே, கல்யாணமா, மாவு மில்லா?"

ஐ.டி.ஐ.யின் முகம் சுருங்கியது. கல்லாவுக்கு மேலே இருந்த சர்டிபிகேட்டை நான் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். அவன் பார்க்கும்படியாகத்தான் பார்த்தேன்.

உருளையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டான். "ஃபாரின் சாமானு. ஸ்க்ரூ டிரைவர் வச்சின்னா விரலை ஒடிச்சுருவேன்," என்றார் அண்ணாச்சி. அப்புறம் அவன் என்னிடம் வந்தான். தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தபடி, சாதாரணமாகக் கேட்டான்.

"இது வந்த அன்னிக்கு நீதான மாமு இங்க இருந்த? இந்த டேப்புக்கு உள்ள இன்னா கீது?"

இரண்டாவது அடுக்கு என் பக்கம் வந்தது. எலுமிச்சைச் சோறு.

"ஒயர் ஜாயின்ட்டு," என்றேன். "பிஞ்சிருந்துச்சு, நான்தான் சுத்துனேன்."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"இல்ல."

அவன் நம்பினான். என்னை நம்பாமல் இருக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. சோற்றை நான் தின்று முடித்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அண்ணாச்சி முடிவு சொன்னார். காலர் மைக் வேண்டாம். கை மைக்கை வாலோடு சேர்த்து, பீடத்துக்குக் கீழே வைக்கும் பூஜாடிக்குள் ஒளித்துவிடலாம். மாப்பிள்ளை நிற்கும் இடத்துக்கு நாலடி தூரம்தான். "ஊர்சுத்தி, நீ மைக் செட்டுல இருந்தவன்லா. கை மைக்கு உனக்குத்தான் பழக்கம். நாளைக்கு நீ ஹெட்போனைப் போடு. ஐ.டி.ஐ. லைட்டைப் பிடிக்கட்டும்."

அந்த ராத்திரி எனக்கு எப்படித் தூக்கம் வந்தது என்று கேட்காதீர்கள். நன்றாகவே வந்தது.

காலையில் கோயிலுக்குப் போனோம். சம்பங்கியும் ரோஜாவும் அடைத்த ஜாடிக்குள் மைக்கைச் செருகிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். பஞ்சு காதில் சூடாக ஒட்டியது. அவனுடைய தேங்காய் எண்ணெய் வாசம் அதில் இருந்தது. எதிர்ப்பக்கம் ஐ.டி.ஐ. லைட்டோடு நின்றிருந்தான். வெயிலும் லைட்டுமாக வியர்த்து வழிந்தது, ஆனால் கை ஆடவில்லை. லைட்டைக்கூட அவன் என்னைவிட நன்றாகத்தான் பிடித்தான். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

மாப்பிள்ளையை வரச்சொல்லி, பீடத்துக்கு முன்னால் நின்று பேசச்சொன்னேன். பேசினான். ஹெட்போனில் உயரத்தில் தொங்கிய நீளக் கம்பி மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. வெளியே காக்கா கேட்டது. யாரோ பெஞ்சை இழுத்தது கேட்டது. அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"கொஞ்சம் சத்தமா."

அவன் சத்தமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை பேசினான். அவனுக்கு இருப்பதே அவ்வளவுதான். ஃபேனை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, "இந்தக் கூட்டத்துல நாலு பேரு மயங்கி வுழுவாங்க," என்றார் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை.

மாப்பிள்ளை என் நாற்காலிக்கு அருகில் வந்தான். புதுக் கோட்டு அவனுக்குத் தோளில் பெரிதாக இருந்தது.

"அண்ணே, எங்க நைனாக்குக் கேக்கும்ல?"

இரக்கப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் எனக்கு முதலில் வந்தது பயம். ஹெட்போன் என் தலையில் இருந்தது. இன்னும் அரைமணி நேரத்தில் ஒன்றும் பதிவாகவில்லை என்றால், கப்பல்காரர் வந்து கேட்கும்போது, தலையில் ஹெட்போன் இருந்தவன் நான். அவன் இல்லை. மூன்று நாளாக அவன் தோற்பதற்காகக் காத்திருந்தேன், தோற்கும் இடத்தில் நானே போய் உட்கார்ந்திருந்தேன்.

பையைத் திறந்தேன். காலர் மைக்கை எடுத்து, கருப்பு டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரித்தேன். உருளையை இடப்பக்கமாக மூன்று சுற்றுத் திருகினேன். பிஸ்கட் டப்பாவிலிருந்து புதிய பென்சில் செல் ஒன்றை எடுத்து, அதன் மொட்டு முனை உள்பக்கம் போகும்படி தள்ளி, மூடினேன். ஜாடிக்குள் இருந்த வாலைக் கழற்றிக்கொண்டு வந்து, மூன்று முள்ளையும் அதில் செருகினேன். யோசிக்காமல், தேடாமல், எல்லாவற்றையும் கை தானாகச் செய்தது. நிமிர்ந்தபோது ஐ.டி.ஐ. லைட்டோடு இரண்டடி தள்ளி நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உரித்துப்போட்ட டேப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் மாப்பிள்ளையின் கோட்டைத் திறந்துகாட்டி, "உள்பையில கனமா தொங்கும், கோட்டு சாயும். இடுப்புல சொருவிடு," என்றான். சரிதான். அப்படியே செய்தேன். காலருக்குக் கீழே மைக்கைக் குத்தினேன்.

"இப்ப பேசு."

"எங்க நைனாக்குக் கேக்குமா?" என்றான் மாப்பிள்ளை, மெதுவாக, அவனுடைய சொந்தக் குரலில். ஃபேன் எங்கேயோ போய்விட்டது. அவன் என் காதுக்குள் நின்று பேசியதுபோல் இருந்தது.

அண்ணாச்சி கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏலே! எப்படிலே வந்துச்சு?"

நான் ஐ.டி.ஐ.யைப் பார்த்தேன். அவன் இப்போது சொல்வான் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வரி. அவன் லைட்டைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "செல்லு போட்டான் அண்ணாச்சி. உள்ள எடம் கீதாம்," என்றான்.

"அட, ஊர்சுத்தி!" என்றார் அண்ணாச்சி. அந்தப் பெயரில் அன்றுதான் முதல்முறையாகக் குழைவு கேட்டது. எனக்கு அது வேண்டியிருந்தது, வந்தபோது பிடிக்கவில்லை.

வார்த்தைப்பாடு சொன்னார்கள். மாப்பிள்ளை ஒரு இடத்தில் நிறுத்தி, எச்சிலை விழுங்கியது கேட்டது. கோட்டு ஒருமுறை உரசியது. பெண்ணின் குரல் அவனுடையதைவிடத் தெளிவாக, கொஞ்சம் அவசரமாக வந்தது. சொல்லி முடித்ததும் அவள் யாருக்கும் கேட்காது என்று நினைத்து, "கால் வலிக்கிதுபா," என்றாள். அதுவும் பதிவானது. முதல் பந்தியில் அண்ணாச்சியோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். ஐ.டி.ஐ. மூன்றாம் பந்தியில் சாப்பிட்டான்.

சாமான் கட்டும்போது வழக்கம்போல் உருளையைத் திருகிச் செல்லை எடுத்தேன். அவன் பக்கத்தில் வந்து கருப்பு டேப் சுருளை நீட்டினான்.

"இந்தா. இப்பவும் சுத்துவியா?"

நான் வாங்கவில்லை. அவன் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. டேப்பைப் பையில் போட்டுவிட்டு லைட்டைத் தூக்கிக்கொண்டு போனான்.

அதன்பின் ஹெட்போன் என்னுடையதானது. ஆறேழு மாதம் நாற்காலியில் உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸின் இரண்டாவது அடுக்கு முன்புபோலவே என் பக்கம் வந்தது. அதுதான் தாங்கவில்லை. அவன் ஒருநாள் நிறுத்தியிருந்தால், கெட்ட வார்த்தை ஒன்று சொல்லியிருந்தால், எங்களுக்குள் கணக்குத் தீர்ந்திருக்கும். அவனிடம் சர்டிபிகேட் இருந்தது, வீடு இருந்தது, அம்மா இருந்தாள். இதெல்லாம் போதாதென்று, கோபப்படாமல் இருக்கவும் அவனுக்கு முடிந்தது. நான் அதற்கும் பொறாமைப்பட்டேன்.

கப்பல்காரர் இறங்கியதும் கடைக்கு வந்தார். கேசட்டைப் போட்டோம். வார்த்தைப்பாடு வந்ததும் டி.வி.யைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஜின் சத்தத்தில் பாதிக் காது போனவர், ஸ்பீக்கருக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். கால் வலிக்கிறது என்று மருமகள் சொன்ன இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். மூன்று தடவை ஓடவிட்டோம்.

"எதுல புட்ச்ச?" என்று கேட்டார். அண்ணாச்சி பெருமையாக நடந்ததைச் சொன்னார். மூன்று நாள் அது பேசாமல் கிடந்ததையும் சொன்னார்.

"இன்னாத்துக்கு மூணு நாளு?" என்றார் கப்பல்காரர். "நான் செல்லு போட்டுத்தான குடுத்தேன்? தாள்லகூட படம் போட்டு இருந்துச்சே?"

கீழே ஒரு லாரி போய், கேசட்டுகள் ஆடின. ஐ.டி.ஐ. தரையில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"நான்தான் எடுத்தேன்," என்றேன். "வந்த அன்னிக்கே எடுத்துட்டேன். எடுத்தது எனக்கு ஞாபகம் இருந்துச்சு, அண்ணாச்சி. அந்த மூணு நாளும் ஞாபகம் இருந்துச்சு."

அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டுக் கப்பல்காரர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "எடுக்காம? இந்த உப்புக் காத்துல செல்லை உள்ள வச்சா சாமான் என்னத்துக்கு ஆவும்? நான் இருந்தாலும் எடுத்துருப்பேன்."

"அதுவும் சர்தான்," என்றார் கப்பல்காரர். "கப்பல்லயும் அதான் ரூலு."

இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். நான் சொன்னதில் இரண்டாவது பாதி அவர்கள் காதில் விழவே இல்லை. திரும்பச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்கள் கீழே இறங்கிப் போனதும், ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்து ஐ.டி.ஐ.யின் முன்னால் வைத்தேன்.

"டேப்புக்கு உள்ள இன்னா கீதுன்னு நீ கேட்டப்ப..."

"தெரியும்," என்றான். "நீ டேப்பை உரிச்ச பாரு, அப்பவே தெரியும். சோறு துன்னு, ஆறுது."

அந்த மாதக் கடைசியில் எண்ணூர்ப் பக்கம் போகும் லாரி ஒன்றில் கிளீனராக ஏறிவிட்டேன். பிஸ்கட் டப்பாவைக் கடையிலேயே விட்டுவந்தேன். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் லாரி டோல்கேட்டில் நின்றபோது, திறந்த டெம்போ ஒன்று ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவன் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மடியில் என் டப்பாவை வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு செல்லாக எடுத்து மைக்குகளில் போட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். கூப்பிடவில்லை. அந்த ஹெட்போன் அவன் கழுத்தில் எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார்.